கண்ணாடியில் இறங்கிய பதினோரு முக்குளிப்பான்கள்

அன்று காலை இருந்தவர்கள் யார் யார் என்று கேட்டால் விரல் விட்டுச் சொல்லிவிடுவேன். நான். தண்ணீர் லாரி ஓட்டி வந்த என் தம்பி. சோலார் கண்ணாடி கழுவ என்னிடம் வேலைக்கு வருகிற இரண்டு பெண்கள், ஒருத்தி இன்னொருத்திக்கு நாத்தனார். கேட்டில் இருக்கிற வாட்ச்மேன். கடைசியில் பைக்கில் வந்து சேர்ந்த வனக் காவலர். ஆக ஆறு பேர். கம்பெனி இன்ஜினியர் போனில் மட்டும் இருந்தார். அவரை நான் சேர்க்கவில்லை. தன்னைச் சேர்க்கக் கூடாது என்பதுதான் அவருடைய விருப்பமும். மனிதர்கள் போக, பதினோரு பறவைகள்.

இவ்வளவு கச்சிதமாக எப்படிச் சொல்கிறேன் என்றால், அதற்குப் பிறகு ஒரு மாதம், யாராவது அதிகாரி வந்து விசாரித்தால் என்ன சொல்வது என்று சமைக்கும்போதும் தொழும்போதும்கூட மனசுக்குள் ஒப்பித்துக்கொண்டிருந்தேன். யாரும் வரவில்லை. ஒப்பித்தது மட்டும் அப்படியே நிற்கிறது. நான் எட்டாவதோடு பள்ளிக்கூடத்தை விட்டவள். எழுதிய காகிதம் என்றாலே எனக்குப் பயம். கரண்ட் பில்லையே இரண்டு தடவை படித்துவிட்டுத்தான் கட்டுவேன்.

செங்கல்பட்டில் எங்களுக்குத் தண்ணீர் லாரி ஒன்று இருக்கிறது. என் கணவர் வளைகுடாவில் சம்பாதித்த பணமும் பேங்க் கடனும் சேர்ந்து வாங்கிய பழைய லாரி. கல்யாண மண்டபத்துக்கும் வீடு கட்டுகிற இடத்துக்கும் தண்ணீர் அடிப்போம். இரண்டு வருஷம் முன்னால், திருக்கழுக்குன்றம் தாண்டி மாமல்லபுரம் போகிற வழியில், ஏரியை ஒட்டிய காலி நிலத்தில் சோலார் கண்ணாடிகளை வரிசை வரிசையாக நட்டார்கள். அதைக் கழுவுகிற வேலை எனக்குக் கிடைத்தது. லாரிக் கடனின் மாதத் தவணை அப்படியே அந்தப் பணத்தில்தான் போகிறது. அந்த வேலை போனால் லாரி போகும். லாரி போனால், அதற்கு மேல் நினைக்க எனக்குத் தைரியம் இல்லை.

கண்ணாடியைக் கழுவுவதில் என்ன இருக்கிறது என்று நினைப்பீர்கள். நானும் அப்படித்தான் நினைத்தேன். கடற்காற்று உப்பைக் கொண்டுவந்து பூசும். ரோட்டில் போகிற ஜல்லி லாரிகள் தூசியைப் போடும். இரண்டும் சேர்ந்தால் மாவு பிசைந்து அப்பின மாதிரி ஒட்டிக்கொள்ளும். அது ஒட்டினால் கரண்ட் குறையும், கரண்ட் குறைந்தால் இன்ஜினியர் போன் பண்ணுவார். வெயிலில் கொதித்துக்கொண்டிருக்கிற கண்ணாடியில் பச்சைத் தண்ணீரை அடித்தால் விரிசல் விட்டுவிடும். அதனால் கண்ணாடி ஆறியிருக்கும்போதுதான் கழுவ வேண்டும். ஒன்று, சூரியன் ஏறுவதற்கு முன். அல்லது, இறங்கின பிறகு.

அக்ரிமெண்டில் காலை என்றுதான் போட்டிருந்தது. ஆனால் இந்த இரண்டு பெண்களும் மாமல்லபுரத்துக்குத் தெற்கே ஒரு மீனவக் குப்பத்தைச் சேர்ந்தவர்கள். விடியற்காலையில் படகு வரும் நேரம் கரையில் நின்று மீன் ஏலம் எடுத்தால்தான் அவர்களுக்கு அன்றைய வியாபாரம். “காலைல வர முடியாதுக்கா, சாயங்காலம்னா ஓடியாந்துடுவோம்” என்றார்கள். அப்போதிருந்த இன்ஜினியரிடம் கேட்டேன். “பாத்து செஞ்சுக்கோங்க” என்றார் வாயால். பிறகு அவர் மாற்றலாகிப் போய்விட்டார். புதிதாக வந்தவரிடம் நான் சொல்லவே இல்லை. சொன்னால் வேண்டாம் என்றுவிடுவாரோ என்று பயம். சொல்லாமல் இருப்பதும் பயம். இந்த இரண்டு பயத்துக்கும் நடுவில் ஒன்றரை வருஷம் சாயங்காலம்தான் கழுவிக்கொண்டிருந்தோம்.

அந்தச் சித்திரையில் ஒரு நாள், சாயங்கால வேலை நடுவிலேயே லாரியின் குழாய் வெடித்துவிட்டது. நாலு வரிசை பாக்கி. மறுநாள் காலையில் மீதியை முடித்துவிடலாம் என்று, மீனையும் விட்டுவிட்டு வரச் சொல்லி அந்தப் பெண்களைக் கெஞ்சிக் கூட்டிக்கொண்டு வந்திருந்தேன். நாத்தனார்க்காரி வழி முழுக்க முணுமுணுத்துக்கொண்டே வந்தாள்.

“இன்னிக்கு வஞ்சிரம் மாட்டிகீதாம் எங்க கரைல. நான் இங்க வந்து கண்ணாடி தொடச்சினுகீறேன்.”

“வஞ்சிரம் வாங்க உன்கிட்ட துட்டு கீதா அண்ணி? எப்பப் பாரு நெத்திலிதான வாங்குவ” என்றாள் சின்னவள், அவளுடைய தம்பி பெண்டாட்டி. சின்னவள் அச்சரப்பாக்கம் பக்கம் ஏரிக்கரை ஊரில் பிறந்தவள். இந்தக் குப்பத்துப் பையனைக் காதலித்துக் கட்டிக்கொண்டு கடலோரம் வந்துவிட்டாள். நாத்தனாருக்கு அவள் இன்னமும் ‘ஏரிக்காரி’தான்.

கேட்டைத் திறந்த வாட்ச்மேன் எங்களைப் பார்த்து முகம் மாறினார். காலையில் நாங்கள் வருவோம் என்று அவர் எதிர்பார்க்கவில்லை. கையில் ஒரு சிமெண்ட் மூட்டைச் சாக்கு. அது அசைந்தது.

எனக்கு முதலில் தோன்றியது பாம்பு. இரண்டாவது, திருட்டு. என் மூளை அந்த வரிசையில்தான் வேலை செய்யும்.

“இன்னா அது?” என்றான் தம்பி.

“ஒண்ணியும் இல்லப்பா. கோழி மாதிரி. தானா வந்து உள்ள வுழுந்து கெடக்குது. மூணு நாளா இதே பேஜாருதான்.”

சாக்கின் வாயைப் பிரித்துக் காட்டினார். உள்ளே மூன்று பறவைகள். புறாவைவிடச் சிறியவை, கழுத்து செங்கல் நிறம், வால் என்று சொல்ல ஒன்றும் இல்லை, அலகின் ஓரத்தில் யாரோ சுண்ணாம்பு தொட்டு வைத்த மாதிரி ஒரு பொட்டு. கண்ணை உருட்டிக்கொண்டு என்னைப் பார்த்தன. என்னைவிடப் பயந்த ஒரு ஜீவனை நான் அன்றுதான் பார்த்தேன். அதிலே எனக்கு ஒரு தெம்பு வந்தது.

“இன்னும் நெறைய கீது. சந்துல சந்துல குந்தினு கீது” என்றார் வாட்ச்மேன்.

போய்ப் பார்த்தோம். கண்ணாடி வரிசைகளுக்கு நடுவில், சரளைக் கல் மேல், மார்பைத் தரையில் அழுத்திக்கொண்டு ஒன்று. பத்தடி தள்ளி இன்னொன்று. எங்களைப் பார்த்ததும் எழுந்து ஓடப் பார்க்கிறது, இரண்டு எட்டு வைப்பதற்குள் முன்னால் கவிழ்கிறது. இறக்கையை அடிக்கிறது, ஆனால் ஒரு முழம்கூட மேலே ஏறவில்லை. கால் இரண்டும் உடம்பின் கடைசியில், வால் இருக்க வேண்டிய இடத்தில் வைத்துத் தைத்த மாதிரி இருந்தது.

“இறக்கை ஒடிஞ்சிடுச்சு போல” என்றேன்.

சின்னவள் குனிந்து ஒன்றை எடுத்தாள். இரண்டு கையாலும், வெண்ணெய் எடுக்கிற மாதிரி. “ஒடியலக்கா. இது முக்குளிப்பான். இது தரைல நடக்காது. தரைலேர்ந்து பறக்கவும் பறக்காது. தண்ணி மேல கொஞ்ச தூரம் தபதபன்னு ஓடித்தான் ஏறும். எங்க ஏரில பாத்துகீறேன்.”

“பாரு, ஏரிக்காரிக்கு சொந்தக்காரங்க தேடினு வந்துகீறாங்க” என்றாள் நாத்தனார்.

“வந்தவங்களுக்கு உன்ன மாதிரி மொறைக்கத் தெரியல அண்ணி, அதான் வித்தியாசம்.”

அவள் கையிலிருந்த பறவையின் விரல்களைப் பார்த்தேன். ஒவ்வொரு விரலும் தனித்தனி இலை மாதிரி தட்டையாக விரிந்திருந்தது. துடுப்பு. சரளைக் கல்லில் துடுப்பை வைத்துக்கொண்டு அது என்ன செய்யும்.

அப்போதுதான் தம்பி வாட்ச்மேனிடம் கேட்டான். “மூணு நாளா வருதுன்னியே அண்ணாத்த, மத்ததெல்லாம் எங்க?”

“வேலிக்கு அப்பால தூக்கிப் போட்டேன்பா. வெளில வுட்டா பறந்து போய்டும்னு.”

வேலிக்கு அந்தப் பக்கம் முட்புதர். அதற்கப்பால் தெருநாய்கள் படுத்திருக்கும் மேடு. எங்கள் எல்லோருக்கும் அந்த நாய்களைத் தெரியும். வாட்ச்மேன் சின்னவளையும் அவள் கையையும் மாறி மாறிப் பார்த்தார். பிறகு சாக்கை மெதுவாகக் கீழே வைத்தார்.

“நல்லதுன்னு நெனச்சித்தாம்மா போட்டேன்” என்றார் என்னிடம். “அஞ்சோ ஆறோ.”

அவருக்குச் சின்னவள்தான் சொன்னாள். “அது போவட்டும் மாமா. இருக்கிறத மொதல்ல பொறுக்கு. வெயில் ஏறினா கல்லு சுடும்.”

அவ்வளவுதான், ஐந்து பேரும் ஓட ஆரம்பித்தோம். அத்தனை பெரிய இடம், அத்தனை வரிசை, ஒவ்வொரு சந்திலும் குனிந்து பார்க்க வேண்டும். “இங்க ஒண்ணு.” “இங்க ரெண்டு.” “கம்பிக்கு அடில பூந்துகிச்சு, அந்தப் பக்கம் வா.” ஒன்று தம்பியின் கையிலிருந்து வழுக்கி, கவிழ்ந்து, மறுபடி ஓடி, மறுபடி கவிழ்ந்தது. அவன் அதன் பின்னால் முழங்காலில் தவழ்ந்தான். நாத்தனார் ஒன்றைப் பிடித்தாள், அது அவள் கட்டை விரலைக் கொத்தியது. வலிக்கவே இல்லையாம். “நெத்திலி முள்ளுகூட இதவிட நல்லா குத்தும்” என்று சிரித்துக்கொண்டே தூக்கி வந்தாள். காலையிலிருந்து அவள் சிரித்தது அதுதான் முதல் தடவை.

லாரியில் பாதித் தொட்டி தண்ணீர் இருந்தது. கண்ணாடி கழுவுகிற பெரிய பிளாஸ்டிக் டப்பில் தண்ணீர் பிடித்து, சின்னவள் ஒரு பறவையை விட்டாள். விட்டதும் அது வேறு பறவை ஆகிவிட்டது. நிமிர்ந்து உட்கார்ந்தது. கழுத்தைச் சிலிர்த்தது. அடுத்த நொடி காணோம். டப்பின் அடியில் சுற்றிச் சுற்றி வந்தது. நாற்பத்திரண்டு வயதில் ஒரு டப்புக்குள் எட்டிப் பார்த்துக் கைதட்டினேன் என்று என் வீட்டில் சொன்னால் நம்ப மாட்டார்கள்.

எண்ணினோம். பதினொன்று. ஒன்றுக்கு மட்டும் மார்பில் சிராய்ப்பு.

இங்கேதான் என் பயம் திரும்ப வந்தது. இன்ஜினியருக்குச் சொல்ல வேண்டுமே. போன் போட்டேன். சின்ன வயசுக்காரர், கெட்டவர் இல்லை.

“போட்டோ எடுத்தீங்களா மேடம்?”

“இல்ல சார்.”

“எடுக்காதீங்க. ஃபாரஸ்ட்டுக்கெல்லாம் சொல்ல வேணாம். நாம நல்லதுதான மேடம் பண்றோம்? புகை இல்லாம, கரி இல்லாம கரண்ட் எடுக்குறோம். இத எழுதினா இந்த இடத்தையே மூடணும்னு கிளம்புவாங்க. வேலிக்கு வெளிய விட்டுட்டு வேலையப் பாருங்க.”

அவர் சொன்னது பொய் இல்லை. அதுதான் எனக்குக் கஷ்டம். கோடையில் எங்கள் தெருவில் கரண்ட் போனால் எதிர் வீட்டுக் கைக்குழந்தை இரவெல்லாம் அழும். மழை வந்தால் அளவில்லாமல் வருகிறது, வெயில் அடித்தால் அளவில்லாமல் அடிக்கிறது, இதற்கெல்லாம் கரியும் புகையும் காரணம் என்று டிவியில் சொல்கிறார்கள். இந்தக் கண்ணாடிகள் நல்லவைதான். இவற்றால்தான் என் லாரி ஓடுகிறது. ஆனால் வேலிக்கு வெளியே நாய்கள் இருக்கின்றன, அதுவும் பொய் இல்லை.

“இன்னாக்கா சொல்றாரு?” என்றாள் சின்னவள்.

சொன்னேன்.

“அவரு ஏசில குந்தினு சொல்வாரு. என்கிட்ட ஃபாரஸ்ட்காரர் நம்பர் கீது. போன தை மாசம் எங்க வூட்டுக்காரர் வலைல ஆமை மாட்டிச்சில்ல, அப்ப வந்தவரு.”

“வேணாம்” என்றான் தம்பி. “பறவையத் தொட்டாலே கேஸுன்னு சொல்வாங்க. அக்கா, நம்ம காண்ட்ராக்ட் மாசக் கடைசில முடியுது. புதுப்பிக்கணும். இப்ப போய் வம்ப இஸ்துகினு வராத.”

அவன் சொன்னது என் மனசுக்குள் ஏற்கனவே ஓடிக்கொண்டிருந்ததுதான். அதனாலேயே எரிச்சலாக இருந்தது. டப்பில் நெருக்கியடித்துக்கொண்டு பதினொன்றும் மிதந்தன. சிராய்ப்பு பட்டது ஓரத்தில் கண்ணை மூடி மூடித் திறந்தது. நான் சின்னவளின் போனை வாங்கினேன். ஏன் வாங்கினேன் என்று கேட்டால், வாங்காமல் வீட்டுக்குப் போயிருந்தால் தூங்கியிருக்க மாட்டேன் என்று எனக்குத் தெரியும், அவ்வளவுதான். தூக்கம் கெட்ட ராத்திரிகளில் எனக்கு ரொம்ப அனுபவம்.

வனக் காவலர் எடுத்ததும் நான் மூச்சு விடாமல் எல்லாவற்றையும் கொட்டினேன், தொட்டுவிட்டோம், டப்பில் போட்டுவிட்டோம், மன்னிக்க வேண்டும் என்பது வரை. அவர் குறுக்கே பேசவில்லை. கடைசியில், “புடிச்சி வளத்தா தப்பு, வித்தா தப்பு. காப்பாத்தினா தப்பு இல்லம்மா. உயிரோட கீதா எல்லாம்?” என்றார். ஏரி வற்றிவிட்டது, அங்கே விட வேண்டாம், செங்கல்பட்டு ரோட்டில் பழைய கல்குவாரி இருக்கிறது, மலையை உடைத்த பள்ளத்தில் ஆழமாகத் தண்ணீர் நிற்கும், கோடையிலும் வற்றாது, அங்கே கொண்டு வாருங்கள், நானும் வருகிறேன் என்றார். பெட்டியில் காற்றுப் போக வேண்டும், ஈரத்துணி போட வேண்டும் என்று இரண்டு முறை சொன்னார்.

பெட்டிக்கு எங்கே போவது? லாரியில் நாத்தனாரின் மீன் கூடைகள் இரண்டு இருந்தன. வேலை முடிந்து போகிற வழியில் ஏதாவது மீன் கிடைத்தால் வாங்கலாம் என்று கூடையோடுதான் வந்திருந்தாள். பிளாஸ்டிக் கூடை, சுற்றிலும் ஓட்டை. அதில் ஈரச் சாக்கை விரித்து, ஒன்றில் ஆறு, ஒன்றில் ஐந்து வைத்து, மேலே என் துப்பட்டாவை நனைத்து மூடினோம். வாட்ச்மேன் கேட்டை விட்டு வர முடியாது. லாரி கிளம்பும்போது கேட்டைத் திறந்து பிடித்துக்கொண்டு, “எல்லாத்தையும் தண்ணிலயே வுடுங்கம்மா” என்றார்.

லாரி கேபினில் நான்கு பேர், மடியில் இரண்டு கூடை. தம்பி ஒவ்வொரு பள்ளத்துக்கும் பிரேக் போட்டான்.

“மெதுவா போடா” என்றேன்.

“மெதுவாத்தான் போய்கினு கீறேன்.”

“வேகமா போ, துணி காயுது.”

“ஒண்ணு சொல்லுக்கா, ரெண்டுல.”

நாத்தனார் கூடையைத் தட்டிக் கொடுத்துக்கொண்டே வந்தாள். இத்தனை வருஷம் அந்தக் கூடையில் உயிரோடு ஒன்றையும் சுமந்ததில்லையாம். “கூடைக்கே ஆச்சரியமா இருக்கும்” என்றாள். மீன் வாடை பறவைகளுக்குப் பிடித்துப் போய்விட்டதோ என்னவோ, சத்தமே இல்லை. சத்தம் இல்லை என்று நான் துணியைத் தூக்கித் தூக்கிப் பார்த்ததில், சின்னவள் என் கையைப் பிடித்து வைத்துக்கொண்டாள்.

குவாரி ஓரத்தில் வனக் காவலர் பைக்கோடு நின்றிருந்தார். காக்கிப் பேண்ட், சாதாரணச் சட்டை. கூடையைப் பார்த்து, “மீனா கொண்டாந்தீங்க?” என்றார். எனக்குச் சிரிக்கவும் தெரியவில்லை. பாறையில் வெட்டின சரிவில் இறங்கித் தண்ணீர் விளிம்பில் உட்கார்ந்தோம். பச்சையும் கறுப்புமாக அசையாத தண்ணீர். சின்னவள் முதல் பறவையை வைத்தாள்.

ஒரு நொடி மிதந்தது. முங்கியது. அவ்வளவுதான்.

காத்திருந்தோம். வரவில்லை. நான் மனசுக்குள் எண்ண ஆரம்பித்து இருபதைத் தாண்டிவிட்டேன். “செத்துப் போச்சு” என்றேன். “முங்கியே செத்துப் போச்சு.”

“அது பேரே முக்குளிப்பான்மா” என்றார் காவலர்.

குவாரியின் நடுவில், நாங்கள் யாரும் பார்க்காத பக்கத்தில், தக்கை மாதிரி ஒன்று குபுக்கென்று மேலே வந்தது. கிலுகிலுகிலு என்று கத்தியது. இரண்டு கைப்பிடிக்குள் அடங்கிய அந்த உடம்பிலிருந்து அவ்வளவு சத்தம், குவாரிச் சுவரெல்லாம் மோதித் திரும்பி வந்தது. நாத்தனார், “இன்னாடி இது, உன்ன மாதிரியே கத்துது” என்றாள் சின்னவளிடம். நாங்கள் எல்லோரும் சிரித்துவிட்டோம். எனக்கு அழுகையும் வந்தது.

பிறகு ஒவ்வொன்றாக விட்டோம். சிராய்ப்புப் பட்டது கடைசி. அதுவும் முங்கியது. நான் எண்ணிச் சரிபார்க்க நினைத்தேன், முடியவே இல்லை. ஏழு மேலே இருக்கும், நாலு கீழே. ஒன்பது மேலே வரும், வந்ததில் மூன்று போய்விடும். பதினொன்றும் ஒரே நேரத்தில் மேலே வந்து எனக்குக் கணக்குக் காட்டட்டும் என்று கால் மணி நேரம் நின்றேன். ஒரு கட்டத்தில் இரண்டு பறவைகள் தண்ணீர் மேல் தபதபவென்று ஓடி, சின்னவள் சொன்ன மாதிரியே எழும்பி, ஒரு வட்டம் போட்டு இறங்கின. போதும் என்று விட்டுவிட்டேன்.

மேலே ஏறி வந்ததும் காவலர் தண்ணீர் பாட்டிலைக் குடித்துவிட்டுச் சாவகாசமாகக் கேட்டார். “ஏரி வத்தினா இதுங்க ராத்திரில வேற தண்ணி தேடிப் பறக்கும். மேலேர்ந்து பாக்கும்போது உங்க கண்ணாடி தண்ணி மாதிரி தெரிஞ்சிருக்கலாம். ஆனா அந்தக் கண்ணாடி ரெண்டு வருஷமா கீதே. நேத்து, முந்தாநேத்து இன்னா புதுசா நடந்துச்சு? எப்போ கழுவுவீங்க?”

தம்பி என் காலை மிதித்தான். நன்றாகவே மிதித்தான்.

எனக்கு அந்த நொடியில் எல்லாம் ஒன்று சேர்ந்தது. சித்திரையில் சூரியன் உச்சிக்கு வரும் என்று, ஆட்கள் வந்து போல்ட்டைத் தளர்த்தி, சாய்ந்திருந்த கண்ணாடிகளையெல்லாம் கிட்டத்தட்டப் படுக்கை வசமாகத் திருப்பி வைத்துவிட்டுப் போய் நாலு நாள்தான் ஆகியிருந்தது. அந்த நாலு நாளும் சாயங்காலம் கழுவினோம். படுத்த கண்ணாடியில் தண்ணீர் வடியாது. சட்டத்தின் ஓரத்தில் தேங்கி நிற்கும். அதற்கு மேல் நிலா. போன வருஷம் இந்நேரம் ஏரியில் தண்ணீர் இருந்தது. இந்த வருஷம் அது வற்றி, பக்கத்திலேயே நான் இன்னொரு ஏரியை விரித்து வைத்திருக்கிறேன். அந்தத் தண்ணீரையும் ஏரியோரக் கிணற்றிலிருந்துதான் லாரிக்கு அடித்தோம்.

காலையில் என்று சொல்லியிருக்கலாம். காகிதத்தில் அப்படித்தான் இருக்கிறது. யாரும் கண்டுபிடிக்க மாட்டார்கள். ஆனால் அப்படிச் சொன்னால் சாயங்காலம் கழுவுவதை நிறுத்த ஒரு காரணமும் இருக்காது, மறுநாளும் கழுவுவோம், மறுநாளும் விழும். வாட்ச்மேன் மறுநாளும் சாக்கைத் தூக்குவார்.

“சாயங்காலம் சார்” என்றேன். “ராத்திரி எட்டு மணிக்கும் ஈரமாத்தான் இருக்கும். அக்ரிமெண்டுல காலைலதான். நான்தான் மாத்தினேன்.”

காவலர் தலையாட்டினார். அதுதான் காரணம் என்று தன்னால் அடித்துச் சொல்ல முடியாது, ஆனால் இருக்கலாம் என்றார். இன்ஜினியரிடம் பேசச் சொன்னார். நான் ஸ்பீக்கரில் போட்டேன், தனியாகப் பேச எனக்குத் துணிச்சல் இல்லை.

“ஃபாரஸ்ட்டுக்குச் சொல்லிட்டீங்களா” என்றார் இன்ஜினியர். குரலில் காற்றே இல்லை.

காவலர் போனை வாங்கினார். வளாகத்தை மூடச் சொல்ல வரவில்லை, கரண்ட் வேண்டாம் என்றும் சொல்ல வரவில்லை, ராத்திரியில் கண்ணாடி காய்ந்திருந்தால் போதும், விடிந்ததும் ஒரு ஆள் சந்து சந்தாகப் பார்த்தால் போதும் என்றார். இன்ஜினியர் பதில் சொல்வதற்குள் லாரிக் கடனை மனசுக்குள் எத்தனை மாதத்தால் வகுக்க முடியுமோ அத்தனை மாதத்தால் வகுத்துப் பார்த்தேன்.

“அக்ரிமெண்ட்ல காலைலன்னுதான சார் கீது” என்றார் கடைசியில், காவலரிடம். அவசரத்தில் அவருக்கும் எங்கள் ஊர்ப் பேச்சு வந்துவிட்டது. “அதுபடி செய்யச் சொல்றேன். மேடம், நாளையிலேர்ந்து காலைல. சாயங்காலம் கழுவினத நான் கேக்கல, நீங்க சொல்லல.”

“காண்ட்ராக்ட் சார்?”

“மாசக் கடைசில கையெழுத்துப் போடுவோம்.”

பாறை மேல் அப்படியே உட்கார்ந்துவிட்டேன். தம்பி மிதித்த கால் அப்போதுதான் வலித்தது.

திரும்பும்போது லாரியில் நான் மட்டும்தான் சத்தமாகப் பேசிக்கொண்டு வந்தேன். வேலை போகவில்லை, பறவை பிழைத்தது, கேஸ் இல்லை என்று மூன்றையும் திருப்பித் திருப்பிச் சொன்னேன். பாதி வழியில் நாத்தனார் காலிக் கூடையைக் கவிழ்த்து மடியில் வைத்துக்கொண்டு கேட்டாள்.

“நாளையிலேர்ந்து காலைலன்னா, எங்க மீனு?”

அதை நான் யோசிக்கவே இல்லை.

“ஏலம் முடிஞ்சப்புறம் போனா இன்னாக்கா கெடைக்கும்? காசிமேட்டு ஐஸ் மீன வாங்கி வித்தா எவ வாங்குவா?” என்றாள் சின்னவள். கோபமாகச் சொல்லவில்லை. நடக்கப் போவதைச் சொன்னாள். “பறவைய வுடக் கூடாதுன்னு சொல்லல. நான்தான போன் போட்டுக் குடுத்தேன். ஆனா எங்களுக்கும் கணக்கு கீதுல்ல.”

கம்பெனியிடம் கூடுதலாகப் பணம் கேட்க முடியாது. காகிதத்தில் ஏற்கனவே காலை என்றுதான் இருக்கிறது, காலைக்கு என்ன கூலியோ அதைத்தான் இரண்டு வருஷமாகத் தருகிறார்கள். சாயங்காலம் என்பது நான் கொடுத்த சலுகை. அதை நானேதான் திரும்ப எடுத்துக்கொள்கிறேன். திருக்கழுக்குன்றம் மலை தெரிகிற இடம் வரைக்கும் யோசித்துவிட்டு, கண்ணாடி கழுவுகிற நாளுக்கு ஆளுக்கு நூறு ரூபாய் கூடத் தருகிறேன் என்றேன்.

“நூறுக்கு ஒரு கூறு சங்கராகூட வராது” என்றாள் நாத்தனார்.

“அண்ணி, வுடு. வாய தொறந்து குடுக்கறன்னாங்களே.”

மறுநாள் விடியற்காலை இருட்டில் இரண்டு பேரும் ரோட்டில் நின்றிருந்தார்கள், நாத்தனார் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு. ஏழு மணிக்குள் முடித்தோம். சூரியன் ஏறின அரை மணியில் கண்ணாடி எல்லாம் காய்ந்துவிட்டது. அந்தக் கோடை முழுக்கக் காலையில்தான் கழுவினோம். அதற்குப் பிறகு மொத்தம் இரண்டு பறவைகள்தான் விழுந்தன. காய்ந்த கண்ணாடியிலும் விழுந்தன. அதனால் ஈரம்தான் முழுக் காரணம் என்று நானும் சத்தியம் செய்ய மாட்டேன். இரண்டையும் வாட்ச்மேன்தான் கண்டுபிடித்தார். விடிந்ததும் விடியாததுமாக டார்ச்சை எடுத்துக்கொண்டு சந்து சந்தாகப் போகிறார், யாரும் சொல்லாமலே. கண்டதும் எனக்கு ஒரு போன் வரும், “யம்மா, ஒண்ணு வந்துகீது, டப்புல வுட்டுட்டேன், லாரிய அனுப்பு” என்று. ஓடுவேன்.

மழை வந்ததும் கழுவுகிற வேலை நின்றது. அந்த நாளிலிருந்து அதுவரைக்கும் காலையில் கழுவினது இருபத்துநாலு நாள். இரண்டு பேர், ஆளுக்கு நூறு. ஒரு கல்யாண மண்டபத்துக்குத் தண்ணீர் அடித்த காசு கைக்கு வந்தபோது இரண்டாயிரம் கொடுத்தேன். நாத்தனார் எண்ணிப் பார்க்காமல் முந்தானையில் முடிந்துகொண்டாள், சின்னவள்தான் எண்ணினாள். அவர்கள் இரண்டு பேருக்கும் சேர்த்து நான் இன்னும் தர வேண்டிய பாக்கி இரண்டாயிரத்து எண்ணூறு ரூபாய்.